பதிவேட்டில் தம்பியின் பெயரை அடித்த அம்மா

அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் எல்லோரும் அவரைப் பொறுமைசாலி என்றே சொல்வீர்கள். அந்தப் பொறுமை எப்படி வந்தது என்பதை மகளாகிய நான் எழுதியாக வேண்டும்.

வந்தவாசியில் பிறந்த அம்மா, திருமணமாகி முகப்பேர் வந்து, இங்கே ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தார். என் தம்பியும் அவர் வகுப்பில்தான் படித்தான். வீட்டில் ‘அம்மா’, பள்ளியில் ‘மிஸ்’ என்று மாற்றிக் கூப்பிடுவதில் அவனுக்கு ஒரு பெருமை.

எட்டு வயதில் அவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனான். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் தலைமையாசிரியை போனில் பேசினார்.

“மேடம், பையன் ஆஸ்பத்திரில இருந்தப்பவே உங்க லீவெல்லாம் முடிஞ்சிருச்சு. கொழந்தை இறந்ததுக்குன்னு தனியா லீவு நம்ம ரூல்ஸ்ல இல்ல. நாளைக்கு வரலன்னா வேற ஆள் போட்டுருவாங்க.”

அப்பா வேலை பார்த்த திருமழிசைத் தொழிற்சாலை அப்போதுதான் மூடப்பட்டிருந்தது. அம்மா மறுநாள் கிளம்பினார்.

வருகைப் பதிவேட்டை வாசித்தவர், பழக்கத்தில் தம்பியின் பெயரையும் வாசித்துவிட்டார். ஒரு சிறுமி எழுந்து, “மிஸ், அவன்தான் செத்துட்டானே மிஸ்” என்றாள். “ஆமாம்மா, உக்காரு” என்று சொல்லி அடுத்த பெயரைப் படித்தாராம். மாலையில் தலைமையாசிரியை கூப்பிட்டு, “பேரை அடிச்சிருங்க மேடம். கிளாஸ் டீச்சர் நீங்கதானே?” என்றார். அளவுகோல் வைத்து, சிவப்பு மையில், கோடு கோணாமல் அடித்தார் அம்மா.

வீட்டில் அவர் அழவே இல்லை. பத்தாம் வகுப்பில் இருந்த நான் ஒரு நாள் கத்தினேன். “உனக்கு ஸ்கூல்தாம்மா பெருசு. அவன் செத்தது உனக்கு ஒண்ணுமே இல்ல.”

“பஸ்லயே அழுதுடறேன்டி. மூஞ்சி கழுவிக்க ஸ்கூல்ல தண்ணி இருக்கு” என்றார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு, பிள்ளையை இழக்கும் பெற்றோருக்குச் சம்பளத்துடன் சில நாள் விடுப்பு வேண்டும் என்று நிர்வாகத்துக்கு மனு எழுதினார். ‘இதுவரை வேறு யாரும் கேட்டதில்லை’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. மேலும் பதினாறு ஆண்டுகள் அங்கேயே பாடம் நடத்தினார். புற்றுநோயில் படுத்தவர் ஐந்தே வாரத்தில் போய்விட்டார். அன்று பள்ளிக்கு அரைநாள் விடுமுறை விட்டார்கள்.

நோயில் துணைநின்றவர்களுக்கும், இறுதிப் பயணத்தில் தோள்கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பள்ளியின் தமிழாசிரியைக்குத் தனியாக ஒரு நன்றி. தம்பி போன அந்த மாதமே அவன் பிறந்தநாள் வந்தது. அன்று, “நீங்க லைப்ரரிக்குப் போய் உள்ள தாப்பா போட்டுக்கங்கக்கா, உங்க பீரியட நான் பாத்துக்கறேன்” என்று யாருக்கும் தெரியாமல் அம்மாவை அனுப்பி வைத்தவர் அவர். தம்பிக்காக அம்மாவுக்குக் கிடைத்த விடுப்பு அந்த நாற்பது நிமிடம்தான்.