சீப்பு மாதிரி ஒரு கை

குறடு என்று அவளுக்குப் பேர் வைத்தது வகுப்புப் பையன்கள். பிடித்தால் விடமாட்டாள் என்பதற்காக. இயந்திரப் பொறியியல், மூன்றாம் வருடம். நடுவில் கல்யாணம், கையோடு குழந்தை. ஒரு பருவம் வீட்டில் இருந்தாள். இனி எங்கே வரப்போகிறாள் என்று ஊரே பேசியது. ஒரு திங்கட்கிழமை காலை, பட்டறை வாசலில் நீலக் கோட்டுக்குப் பொத்தான் போட்டபடி வந்து நின்றாள்.

அதற்கு முந்தைய வருடம் அவள் ஒரு செயற்கைக் கை செய்திருந்தாள். அலுமினியத் தகடு, சைக்கிள் பிரேக் கம்பி, குட்டி மோட்டார். ஐந்து விரலும் ஜோராக மடங்கும். துறைத்தலைவர் முழு மதிப்பெண் போட்டார்.

குழந்தைக்குத் தடுப்பூசி போட மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தக் கையையும் பையில் போட்டுக்கொண்டு போனாள். செயற்கை உறுப்புப் பிரிவில், முழங்கைக்குக் கீழே கை இழந்த ஒரு பெண் அதை மாட்டிப் பார்த்தாள். டம்ளரைப் பிடித்தாள். நழுவியது. மறுபடி பிடித்தாள். மறுபடி நழுவியது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இது கை இல்லம்மா, சீப்பு! தலை வேணா வாரிக்கலாம்."

குறடு குனிந்து பார்த்தாள். கட்டை விரலையும் மற்ற நாலோடு ஒரே வரிசையில் வைத்திருக்கிறாள்! அது எதிரே வந்து நின்றால்தானே பிடி? நாள் முழுக்க ஸ்பானர் பிடிக்கிறவளுக்கு இது உறைக்கவே இல்லை. வரைபடத்தில் வரிசையாக இருந்தது பார்க்க லட்சணமாக இருந்தது, அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்தில் ஒரு வழி இருந்தது. சொந்தப் பட்டத்தோடு இன்னொரு துறையின் நாலைந்து பாடங்களையும் சேர்த்துப் படிக்கலாம். துறைத்தலைவர் சம்மதிக்க வேண்டும். எல்லாரும் கம்ப்யூட்டர் எடுப்பார்கள், இல்லாவிட்டால் நிர்வாகம். குறடு எடுக்க நினைத்தது உடற்கூறு.

சம்மதம் கேட்பதற்குக் கடைசி நாள். பஸ் டிரைவரான அவள் அப்பா, பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். வராந்தாவில் பியூன் மறித்தார்.

"குழந்தையெல்லாம் உள்ள வரக்கூடாதுங்க."

"என் பேத்திங்க. அட்மிஷனுக்கு வந்திருக்கா."

குறடு மட்டும் உள்ளே போனாள்.

"ஏம்மா, ஏற்கெனவே ஒரு பருவம் போச்சு," என்றார் துறைத்தலைவர். "இருக்கிற பட்டத்த ஒழுங்கா வாங்கிட்டுப் போற வழியப் பாரு."

"வாங்கத்தான் சார் வந்தேன். கொஞ்சம் அகலமா வாங்கிக்கறேன்."

"நம்ம துறையில இதுவரைக்கும் யாரும் உடற்கூறு எடுத்ததில்ல."

"அதனாலதான் சார் இதுக்கு முழு மார்க் போட்டீங்க."

கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவருடைய தண்ணீர் டம்ளரை அதற்குள் நிறுத்தி ஸ்விட்சைத் தட்டினாள். விரல்கள் அழகாக மடங்கின. டம்ளர் உருண்டது. மேசையெல்லாம் வெள்ளம்.

"என்னம்மா பண்ற!"

"செஞ்ச தப்பு என்னோடது சார். ஆனா நம்ம ரெண்டு பேர் கண்ணுக்கும் படல. நமக்குக் கம்பி தெரியும், கை தெரியாது."

அவர் காகிதங்களைத் தூக்கிப் பிடித்தபடி அடுத்த முட்டுக்கட்டையை எடுத்தார். "வியாழக்கிழமை அந்த வகுப்பும் நம்ம லேபும் ஒரே நேரம்."

"சாயங்கால பேட்ச்ல லேப் செய்றேன்."

"அப்ப குழந்தைய யாரு பாப்பா?"

"நான் பாப்பேன் சார்!" வராந்தாவிலிருந்து டிரைவரின் குரல், ஹாரன் மாதிரி. "எனக்குக் காலை ஷிப்டுதான்!"

குறடு சிரிக்கவில்லை. "போன வருஷம் கடைசி வருஷத்துப் பையனுக்குக் குழந்தை பொறந்துச்சே, அவன்கிட்ட இதைக் கேட்டீங்களா சார்?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேவைக்கு மேலேயே துடைத்தார்.

"ஒரு பாடத்துல போனாலும் ரத்து பண்ணிடுவேன்."

"பண்ணுங்க. ஆனா பாஸாயிட்டா, அடுத்து வர்றவங்ககிட்ட 'யாரும் எடுத்ததில்ல'ன்னு சொல்லக்கூடாது."

அவள் நீட்டிய படிவத்தை அவர் இழுத்துக்கொண்டார். கையெழுத்து வந்தது. ஈரத்தில் மை கொஞ்சம் ஊறியது.

வெளியே பேத்தி தாத்தாவின் கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"விடச் சொல்லும்மா, உடைச்சிடப் போறா!"

"கொஞ்சம் இருங்கப்பா," என்று குறடு கிட்டே குனிந்தாள். "கட்டை விரல் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு பாத்துக்கறேன்."