பூஜைக்கு வைத்த கரித்தூள்

வர்க்கலைக் குன்றில் கரியாகிக் கிடந்த பழங்கால மரத்துண்டுகளை எடுத்து, அமிலத்தில் கழுவி, உலர்த்திப் பொடித்து ஐந்து சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து வைத்திருந்தேன். என் முனைவர் பட்டமே அந்தக் குப்பிகளுக்குள்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து சரஸ்வதி பூஜை வந்தது. வலியசாலையில் எங்கள் வீட்டில் அவரவர் தொழிலுக்கான பொருளைப் பூஜையில் வைத்தாக வேண்டும். கணவர் ஆபீஸ் லேப்டாப்பை வைத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். வீம்புக்குக் குப்பிகளைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தேன். அவற்றை ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே எடுத்ததே தப்பு.

விஜயதசமி முடிந்ததும், பொடியை எரித்து அதன் கார்பனை அளக்கும் எந்திரத்துக்குக் கொடுத்தேன். கார்பனில் லேசானது, கனமானது என்று உண்டு. மரங்கள், சாலைக் கடைத்தெருவில் கத்தரிக்காய் பொறுக்குகிறவர்கள் மாதிரி, லேசானதாகப் பார்த்து எடுக்கும். கரும்பு, சோளம் போன்ற புல் வகைகளுக்கு அந்தப் பிகு இல்லை. கனமானதையும் கொஞ்சம் கூடவே சேர்த்துக்கொள்ளும்.

நான்கு குப்பிகளில் மரம்தான் இருந்தது. ஐந்தாவதில் பாதிக்குப் பாதி புல்! அந்தக் கரி கிடந்ததோ, அப்படிப்பட்ட புற்கள் உலகில் பரவுவதற்கு வெகுகாலம் முந்தைய மண் அடுக்கில். எனக்குத் தலைகால் புரியவில்லை. சிரித்தே நான் பார்த்திராத என் பேராசிரியை அன்று சிரித்தார். திங்கட்கிழமை துறையில் எல்லோர் முன்னிலையிலும் பேசச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டே கணவருக்கு இதையெல்லாம் விளக்கினேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“கரும்புன்னா, நாட்டுச்சர்க்கரைக்கும் அதே கணக்குதானே, அல்லே?”

“ஆமா. ஏன் கேக்கறேள்?”

“எல்லாத்தையும் மூடியே வெச்சிருந்தாய். சாமிக்கு எப்படித் தெரியும்? அதான் ஒண்ணை மட்டும் திறந்து, நைவேத்தியச் சர்க்கரை ஒரு சிட்டிகை போட்டேன். மேலாகக் கிடக்கப்படாதுன்னு நன்னாக் குலுக்கினேன், கேட்டியா.”

எனக்கு வந்த கோபத்தில் அவரையும் ஒரு குலுக்குக் குலுக்கியிருப்பேன். அந்தக் குப்பியில் இருந்த பொடி முழுவதையும் எந்திரம் எரித்துத் தீர்த்துவிட்டது. குன்றில் அந்த அடுக்கு இருந்த இடமோ மழையில் சரிந்து கடலுக்குப் போயிருந்தது.

“என்ன நெனச்சுண்டு போட்டேள்?” என்று கத்தினேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “இதுவரைக்கும் யாருக்கும் கிடைக்காத ஒண்ணு உனக்குக் கிடைக்கணும்னு வேண்டிண்டேன்.”

அதற்கு மேல் என்னால் கத்த முடியவில்லை. அவர் சாமியிடம் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. காலை பத்து மணிக்கு எல்லோர் முன்னிலையிலும் நின்று, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று நானே சொல்ல வேண்டும்.