விரல் வைத்துக் காட்டச் சொன்ன இங்கர்

இங்கர் போய்விட்டார். பாடசாலையின் பழைய ஆசிரியர்கள் குரூப்பில் இன்று காலை ஒருவர் போட்டிருந்தார்... புற்றுநோயாம்.

கீழே வரிசையாக இதயங்கள். "எவ்வளவு அன்பான மனுஷி" என்று ஒரே புகழாரம். எனக்கு ஓர் இதயம் போடக்கூட மனம் வரவில்லை.

டென்மார்க்கில், பிரெடெரிசியாவில் ஆறு வருடம் அவருடன் ஒரே வகுப்பில் நின்றவள் நான். அவர் டேனிஷும் ஓவியமும் படிப்பிப்பார். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புரியாததை விளங்கப்படுத்த நான்.

கெட்டிக்காரி. அதை மறைக்க மாட்டேன்.

ஒரு படத்தைத் திரையில் போட்டால் முதல் பத்து நிமிடம் யாரும் கதை சொல்லக் கூடாது. கண்ணில் படுவது மட்டும். அதற்குப் பிறகுதான் "இதற்கு முன் என்ன நடந்தது, இனி என்ன நடக்கும்" என்று கேட்பார். எதைச் சொன்னாலும் எழுந்து போய்ப் படத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். விரல் வைக்க முடியாவிட்டால் அது கதையே இல்லை.

நானும் இன்றுவரை அப்படித்தான் படிப்பிக்கிறேன்... என்ன செய்ய.

இலங்கையில் போர் முடிந்த அந்த மே மாதம். ஒன்பதாம் வகுப்பு. உலகம் முழுக்கத் தெரிந்த அந்த அமெரிக்க ஓவியத்தைப் போட்டார். காய்ந்த புல்வெளி. ரோஸ் சட்டை போட்ட ஒரு பெண் முதுகைக் காட்டியபடி தரையில். தூரத்து மேட்டில் ஒரு வீடு.

பிக்னிக் என்றான் ஒருவன். காதலனுக்காகக் காத்திருக்கிறாள் என்றாள் இன்னொருத்தி. இங்கர் சிரித்துச் சிரித்து எல்லாவற்றையும் போர்டில் எழுதினார். யாரிடமும் விரல் கேட்கவில்லை.

தர்சிகா எழுந்தாள். பதினைந்து வயது. போரை நிறுத்தச் சொல்லிக் கோப்பன்ஹேகனில் நடந்த ஊர்வலத்தில் கத்திக் கத்திக் குரல் அடைத்திருந்தது. வன்னியில் இருந்த அத்தையிடமிருந்து மூன்று கிழமையாக ஒரு செய்தியும் இல்லை.

யாரும் கேட்காமலே விரலை வைத்தாள். டேனிஷில்தான் சொன்னாள். "பாரம் முழுக்கக் கையில் இருக்கிறது. கால் சும்மா கிடக்கிறது. இவளால் நடக்க முடியாது. காலில் காயம் பட்டிருக்கிறது. வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகிறாள்."

"அது உங்கள் வீட்டு டிவியில் ஓடுவது" என்றார் இங்கர். "இந்தப் படத்தில் போர் இல்லை. உட்கார்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்து வாசித்தார். ஓவியரின் அயல்வீட்டுப் பெண்ணாம். நோயால் நடக்க முடியாதாம். புல்வெளியில் தவழ்ந்துதான் போவாளாம்.

முழு வகுப்பிலும் அதைக் கண்டுபிடித்தது ஒருத்திதான். இங்கர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

நானும் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்கத்தான் என்னை அங்கே நிறுத்தியிருந்தார்கள்...

பாடம் முடிந்து வெளியே வந்ததும் தர்சிகா மறித்தாள்.

"நான் சொன்னது பிழையே ரீச்சர்?"

"இல்லையம்மா, சரிதான்."

"பிறகேன் நீங்கள் ஒண்டும் கதைக்கேல்ல?"

அத்தையின் செய்தி கடைசிவரை வரவில்லை.

இங்கர் பென்ஷன் எடுத்த பிறகு ஒருநாள் பேக்கரி வரிசையில் என் கையைப் பிடித்தார். "அந்தப் பெண் சரியாகத்தான் பார்த்தாள். நான்தான்... அவளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். முகவரி இருக்கிறதா?"

இல்லை என்றேன். தர்சிகாவின் நம்பர் என் கையிலிருந்த போனிலேயே இருந்தது. மன்னிப்பு இவ்வளவு லேசாகக் கிடைத்துவிடக் கூடாது என்று நினைத்தேன். வீடு வரும்வரை கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இன்று மத்தியானம் தர்சிகாவுக்குச் செய்தி அனுப்பினேன். இப்போது கோப்பன்ஹேகன் பக்கம் இஷொயில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பேக்கரியில் நடந்ததையும் எழுதினேன். அவளுக்காகச் செய்தேன் என்றுதான் எழுதினேன்.

பதில் உடனே வந்தது.

"அவ என்னைத் தேடினவவே? எப்ப ரீச்சர்? நான் அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு காலம் பாத்துக்கொண்டிருந்தனான்... ஏன் எனக்குச் சொல்லேல்ல?"



இங்கர், உங்கள் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. முகவரி என்னிடம் இருந்தது.

போய் வாருங்கள்.