பிளாரன்ஸ் பிடித்த துடுப்பு

புன்னைக்காயலில் பிளாரன்ஸ் முடிந்த வலை இறங்காத வள்ளம் இல்லை. பதினாறு வருஷமாக, முதலில் பருத்தி நூலிலும் பிறகு நைலானிலும் முடிந்து முடிந்து அவள் விரல்கள் காய்த்துப் போயிருந்தன. ஆனால் 1974 வரை அந்த விரல்கள் துடுப்பைத் தொட்டதில்லை. பெண் கை பட்டால் மீன் படாதாம். அவள் முடிந்த வலைக்குள் கூசாமல் வந்து விழுகிற மீன், அவள் தொட்ட துடுப்பைக் கண்டால் மட்டும் ஏன் ஓட வேண்டும்? ஊரில் ஒரு ஆம்பிளையும் இதை யோசித்ததில்லை. பிளாரன்ஸ் யோசித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. சனிக்கிழமை மதியத்தோடு வள்ளங்கள் கரையேறிவிடும். அந்த ஓய்வில் ஆற்றுக்குள் துடுப்புப் போட்டுப் போய், ஒரு ராத்திரி மணல்திட்டில் தங்கிவர வேண்டும் என்று அவளுடைய இரண்டு மகள்களும் கெஞ்சினார்கள். புருஷன் மனுவேல் வேலை செய்கிற வள்ளம் இஞ்ஞாசி அண்ணாச்சியுடையது. அவர் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு.

“ஆத்துக்குள்ளதான, பொம்பளையளும் ஏறிக்கட்டும். துடுப்பை மட்டும் தொடப்பிடாது. தொட்டு, திங்கக்கிழம வலை வெறுசா வந்துச்சுன்னா என் வள்ளத்துல ஒனக்கு எடமில்ல, மனுவேலு.”

கடைசி வீடு மறைந்ததும் பிளாரன்ஸ் கையை நீட்டினாள்.

“இங்க தாங்க.”

“வேண்டாம்ளா. யாராவது பாத்துட்டா?”

“பாத்தா மீனுக்குத் தந்தியா அடிக்கப் போறான்?”

மனுவேல் சிரித்துவிட்டான். சிரித்த பிறகு கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

வள்ளம் முதலில் நின்ற இடத்திலேயே மாவாட்டியது. “அம்மா, வீட்டுக்கே திரும்பிப் போறோம்!” என்று மூத்தவள் ஹில்டா கத்தினாள். இரண்டு தடவை கரையோரப் புதருக்குள் மூக்கை நுழைத்தது. அப்புறம் வலை முடிகிற தோளுக்கு வேலை பிடிபட்டுவிட்டது. ஆறும் அலையில்லாமல் சோம்பிக் கிடந்தது. வள்ளம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போனது.

திட்டில் பழைய பாய்மரத் துணியைக் கம்பு நட்டுக் கூடாரமாகக் கட்டினார்கள். பிளாரன்ஸ் மணலில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“இன்னைக்கு வள்ளத்த ஓட்டுற தண்டல் நான்தான். தண்டல் அடுப்பூத மாட்டாரு.”

மனுவேல் மீனைச் சுட்டான். பாதி கரிந்த மீனை மகள்கள் போட்டி போட்டுத் தின்றார்கள்.

மறுநாள் ஊர் தெரிந்ததும் மனுவேல் பதறினான். “கரை வருது, குடுத்துரு.”

“எதுக்கு? திருடிட்டா வாரேன்?”

கரையில் நின்றிருந்த இஞ்ஞாசி, துடுப்பு அவள் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டார். “திங்கக்கிழம பேசிக்கிடுதேன்” என்று மட்டும் சொன்னார். மீன் கிடைக்காத திங்கட்கிழமைகள் வருஷத்தில் எத்தனையோ உண்டு. இந்தத் திங்களுக்கு மட்டும் காரணம் முன்கூட்டியே தயாராகிவிட்டதே என்றுதான் பிளாரன்ஸுக்குக் கவலை.

திங்கட்கிழமை வலை கிழியச் சாளை மீன் வந்தது. இஞ்ஞாசி பல்லெல்லாம் தெரிய அவள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ஏளா பிளாரன்ஸு, ஒனக்குக் கைராசி! இனி வாரா வாரம் வந்து துடுப்பைத் தொட்டுக் குடுத்துரு.”

பிளாரன்ஸ் கையிலிருந்த வலையைக் கீழே வைக்கவில்லை.

“நேத்து நான் சனியன், இன்னைக்கு மாதாவா? மீனு அங்கன கெடந்துச்சு, அள்ளிட்டு வந்திய. அதுல என் கைக்கு என்ன சோலி?”

“பொறவு என்னதான் வேணும் ஒனக்கு?”

“சனிக்கிழம வள்ளம் வேணும். துடுப்பு என் கையில. திங்கக்கிழம மீனு வந்தாலும், வராட்டாலும்.”

“வந்தா சரிதான்...”

“வராட்டா?”

இஞ்ஞாசி மனுவேலைப் பார்த்தார். மனுவேல் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

“சரி, வராட்டாலும்.”

“இவருக்கு எடம்?”

“அதுவும்தாம்ளா.”

“சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி.”

சத்தமாகவே சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் வலை முடிந்துகொண்டிருந்த மூன்று பெண்கள், வருகிற சனிக்கிழமை தாங்களும் வள்ளமேற யார் சோறு, யார் குழம்பு என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.