மாப்பிள்ளைக் காருக்கு நான் பார்த்த ஏ.சி. வேலை

கெட்டுப்போன பிரிட்ஜுகளைப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றவன் நான். பிரித்தவை எல்லாம் மறுபடி குளிர்ந்தன என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் 1971இல் பள்ளத்தூர் நாச்சியம்மை ஆச்சி தன் பழைய அமெரிக்கக் காரின் ஏ.சி.யைப் பார்க்க என்னைத்தான் கூப்பிட்டனுப்பினார். ஒன்பது வருஷமாக அதில் வெறுங்காற்றுதான் வந்தது.

"வைகாசியில என் மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புல அவனுக்கு வேர்க்கப்படாது. ஊரே பாக்கும். செஞ்சுருவியா சோணை?"

"போர்வை எடுத்து வச்சுக்கங்க ஆச்சி" என்றேன்.

இது சரியாக வந்தால் சுற்றுவட்டாரத்துக் கார்களெல்லாம் என்னிடம்தான் வரும் என்று நம்பினேன். குழாய் இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்பு நுரை தடவி, கால் மணி நேரம் குந்தியிருந்து குமிழி வருகிறதா என்று பார்த்தேன்.

"அண்ணே, கல்யாணம் இந்த வைகாசிதானே?" என்று கேட்டார் டிரைவர் வீரையா.

கம்ப்ரெசருக்கு லேத்தில் நான்கு முறை வளையம் கடையச் சொல்லி, மூன்றைத் தூக்கிப் போட்டேன். மதுரையிலிருந்து கேஸ் வாங்கி அடைத்தேன். உச்சி வெயிலில், புதுவயல் ரோட்டில், நாற்பது மைல் வேகத்தில் ஐந்து நாள் ஓட்டிப் பார்த்தோம். குளிரில் வீரையாவுக்குப் பல் கிட்டியது.

கல்யாணத்தன்று கோயிலிலிருந்து கார் கிளம்பியது. முன்னால் நாகஸ்வரம். பங்காளி வீட்டு வாசல் ஒவ்வொன்றிலும் நின்று, ஒரு பாட்டை முழுசாக வாசித்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள். அந்த ஊரில் எத்தனையோ கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவன் நான். மாப்பிள்ளைக் கார் நடையை விட மெதுவாகப் போகும் என்பது மட்டும் புத்தியில் ஏறவில்லை. ஓடும் காரில் எதிர்க்காற்று அடித்து ஏ.சி.யின் சூட்டைத் தணிக்கும். நின்ற காரில் அந்தச் சூடும் என்ஜின் தலையில்தான் இறங்கும்.

மூன்றாவது வாசலில் ரேடியேட்டர் கொதித்து, ஆவி பறக்க என்ஜின் நின்றது. சாத்திய கண்ணாடிக்குள் மாப்பிள்ளை பட்டுச்சட்டையோடு நனைந்திருந்தார்.

ஆச்சி என்னைத் தேடிப் பிடித்தார். "போர்வையை இப்பக் குடுக்கவா சோணை?"

நானும் நாலு பேருமாகப் பெண் வீடு வரை தள்ளினோம். நாகஸ்வரக்காரர் எங்களுக்காகத் தாளத்தைக் கொஞ்சம் நிதானமாக்கினார்.

மறுநாள் பெண்ணும் மாப்பிள்ளையும் அதே காரில் மதுரைக்குப் போனார்கள். வழி நெடுக ஏ.சி. நன்றாகவே வேலை செய்தது. குளிர் தாங்காமல் பெண் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டதாம். வீரையா வந்து சொன்னார்.

"ஊருக்குள்ள சொன்னீகளா?" என்று ஆவலாகக் கேட்டேன்.

"சொன்னேண்ணே. 'மதுரை வரைக்கும் யாரு தள்ளுனா'ன்னு கேக்குறாக."