தெரியலையே மெக்கானிக்

'சிறுவகை டீசல் இழுவை இயந்திரங்களின் எரிபொருள் மற்றும் புகைக் கோளாறுகளை ஐயத்திற்கு இடமின்றிக் கண்டறிந்து தீர்க்கும் தகுதி பெற்றவர்' என்கிறது சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ். அதற்கு நேர் கீழே, தகுதி பெற்றவர் ஒரு குட்டி டிராக்டரின் டீசல் டேங்க் மூடியைத் திறந்து, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். அரை நிமிடம் கழித்துத் தலையை வெளியே எடுக்கிறார்.

"தெரியலையே" என்கிறார்.

ஒரு நாளைக்கு நாற்பது முறை சொல்லிச் சொல்லி அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. "வண்டி புகையுதா? தெரியலையேகிட்ட காட்டுனியா?" என்றுதான் ஊரில் விசாரிக்கிறார்கள். அவர் மனைவிக்கும் இதில் வருத்தமில்லை. "கல்யாணம் பேசுறப்ப, பொண்ணைப் புடிச்சிருக்கான்னு கேட்டாங்க. அப்பவும் இதையேதான் சொன்னாரு. எனக்காவது தெரிஞ்சிருந்துச்சு, பொழைச்சாரு."

வீட்டில் பால் அடிப்பிடித்துக் கருகினாலும் அந்த மூக்குக்கு எட்டாது. டீசலில் நாலு சொட்டு மண்ணெண்ணெய் கலந்திருந்தால் மட்டும் வண்டி தெருமுனை திரும்பும்போதே முகம் சுளிப்பார். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "சர்க்கரை போட்டீங்களா?" என்று கடைக்காரரைக் கேட்பார். கடைக்காரர் ஒரு நாள் போட்டேன் என்பார், ஒரு நாள் போடவில்லை என்பார். இவர் இரண்டையும் நம்புவார்.

பட்டறையின் பின்சுவரில் பாதிக்கு வெள்ளை அடித்திருக்கிறது, பாதிக்குத் தார் பூசியிருக்கிறது. கறுப்புப் புகையை வெள்ளைப் பக்கம் நிறுத்திப் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகையைத் தார்ப் பக்கம். இவ்வளவு தெளிவாக யோசித்துச் சுவரைப் பிரித்தவர், வண்டி வந்ததும் எந்தப் பக்கம் நிறுத்துவது என்று தெரியாமல் நடுவில் நிறுத்திவிடுவார். "கறுப்புன்னா காத்துப் பத்தலை. வெள்ளைன்னா டீசல் எரியலை. நீலம்னா ஆயில் எரியுது, ஓனரை உக்கார வெச்சுட்டுத்தான் சொல்லணும்." இதுவரை தெளிவு. "ஆனா இது மூணும் கலந்தாப்ல இருக்கே" என்பதிலிருந்து அவருடைய உண்மையான தொழில் ஆரம்பிக்கிறது.

தெருவின் மறுமுனையில் இன்னொரு மெக்கானிக் இருக்கிறார். அவருக்கு எல்லாம் தெரியும். வண்டி வரும் சத்தத்திலேயே "பிஸ்டன் போச்சு" என்று சொல்லிவிடுவார். உறுதி வேண்டியவர்கள் முதலில் அங்கே போவார்கள். வண்டி ஓட வேண்டியவர்கள் அதற்குப் பிறகு இங்கே வருவார்கள்.

அவரை முழுக்க ஆட்டிவைத்த வண்டி போன மாதம் வந்தது. அண்ணன், தம்பி இருவருக்கும் சொந்தமான குட்டி டிராக்டர். தம்பிக்கு வெளியூரில் வேலை, அதனால் தம்பி மனைவி ஓட்டுகிறாள். காய்கறித் தோட்டங்களுக்குள் நுழைந்து, செடி மிதிபடாமல் உழுது வருவதில் நாலு வருஷப் பழக்கம். அரை மணி நேரம் நன்றாக ஓடும். பிறகு இழுவை குறையும், குப்குப்பென்று வெள்ளையாகப் புகையும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஆறப் போட்டால் மறுபடி கிளம்பும்.

தெரியலையே டீசலை மோந்து பார்த்தார். ஃபில்டரை மாற்றினார். குழாயில் காற்று இருக்கிறதா என்று திருகைத் தளர்த்திப் பார்த்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து மோந்து பார்த்தபடியே ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டார். வண்டி ஒரு தும்மல்கூடப் போடவில்லை. வயலுக்குப் போனது. முப்பத்தைந்தாவது நிமிடம் நின்றது.

இரண்டாம் முறை, என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி வெளியே சோதிக்க அனுப்பினார். நன்றாக இருக்கிறது என்று திரும்பி வந்தது. மூன்றாம் முறை எதைக் கழற்றுவது என்றே தெரியாமல் டிராக்டரைச் சுற்றி ஏழெட்டு தடவை நடந்தார். ஒவ்வொரு முறையும் முடிவு ஒன்றுதான்: "என் கையில ஓடுதே. தெரியலையே."

இதில் பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார் அண்ணன்காரர். "மெக்கானிக் கையில ஓடுது, உன் கையில நிக்குது. அப்ப கோளாறு வண்டியிலயா இருக்கு? சனிக்கிழமை சாவியைக் கொண்டாந்து குடுத்துடும்மா, என் மகன் ஓட்டட்டும்."

வெள்ளிக்கிழமை காலையில் அவள் பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, உங்க கையில ஓடி எனக்கென்ன பிரயோஜனம்? நீங்களா வந்து உழப் போறீங்க?"

"அதாம்மா எனக்கும் புரியல."

"உங்களுக்குப் புரியலன்னா பேரு வெக்கிறாங்க. எனக்குப் புரியலன்னா சாவியப் புடுங்கறாங்க. வயலுக்கு வாங்க. வந்து எதையும் தொடாதீங்க. சும்மா உக்காருங்க. நீங்க தொட்டா அது நல்ல பிள்ளையாயிடுது."

பட்டறையைப் பூட்டிக்கொண்டு அவர் வேலைக்காக வெளியே போவது அபூர்வம். போனார். வரப்பில் உட்கார்ந்தார். கை தன்னால் போய்விடும் என்று பயந்து இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். டிராக்டர் அவரைக் கடந்து போகும்போதெல்லாம் மூக்கு அதன் பின்னாலேயே திரும்பியது. இருபதாவது நிமிடம், "ஒரே ஒரு தடவை மோந்து பாத்துக்கட்டுமா?" என்று கேட்டார். "உக்காருங்கண்ணே" என்றாள் அவள், வண்டியை நிறுத்தாமலே.

முப்பத்தெட்டாவது நிமிடம் என்ஜினின் குரல் இறங்கியது. வெள்ளையாக இரண்டு மூச்சு விட்டது. நின்றது.

அவர் ஓடினார். என்ன செய்வதென்று தெரியாதபோது எப்போதும் செய்வதையே செய்தார்: மூடியைத் திறந்தார்.

ஸ்ஸ்ஸ் என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது.

பட்டறைக்குப் பக்கத்தில் இரும்புக் கதவு செய்யும் கடை. அங்கே விடிந்ததிலிருந்து இரும்பை அறுத்துக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சத்தத்தில் மூன்று முறையும் கேட்காமல் போனது, வயலின் அமைதியில் கேட்டது. டீசல் வெளியேறுகிற அளவுக்குக் காற்று உள்ளே போக மூடியில் ஊசிமுனைத் துளை ஒன்று இருக்கும். அது அடைபட்டால் டேங்க் டீசலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். என்ஜின் பட்டினியில் நிற்கும். பட்டறையில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவர் மூடியைத் திறந்தார், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கோளாறு போய்விட்டது. அவர் தேடிக்கொண்டிருந்ததை அவருடைய மூக்கே விரட்டிக்கொண்டிருந்தது.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அவர் சிரிக்கவில்லை. மூடியைக் கவிழ்த்து உட்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே கறுப்பாக ஒரு ரப்பர் வில்லை ஒட்டியிருந்தது. சைக்கிள் டியூபில் வெட்டியது. வட்டமாக இல்லை, எட்டு மூலை. அந்தத் தெருவில் ரப்பரை வட்டமாக வெட்ட வராத மெக்கானிக் ஒருவர்தான். போன வருஷ மழையில் இதே டேங்கில் தண்ணீர் இறங்கிவிட்டதென்று வந்தபோது, தண்ணீர் எந்த வழியாகப் போயிருக்கும் என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று மூடிக்கு உள்ளே வைத்து அழுத்திய வில்லை. அப்போது விறைப்பாக இருந்ததால் ஓரத்தில் காற்று போய்வந்தது. ஒரு வருஷமாக டீசலைக் குடித்து ஊதி, இப்போது துளையோடு சேர்ந்து அப்பிக்கொண்டது.

"என்னண்ணே, தெரியலையா?" என்றாள்.

அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. வில்லையைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். துளையைக் கம்பியால் குத்திவிட்டார். "ஓட்டும்மா, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கி நடந்தார். அவளுக்குக் குழப்பம், பட்டறை இருப்பது எதிர்த் திசையில்.

அண்ணன்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "என்ன, கண்டுபுடிச்சிட்டியா? இல்ல, இன்னும் தெரியலையா?"

"கண்டுபுடிச்சிட்டேன்."

"ஓட்டத் தெரியல, அதானே?"

"அவங்களுக்கு ஓட்டத் தெரியுது. எனக்குத்தான் மூடத் தெரியல."

அண்ணன்காரர் புரியாமல் பார்த்தார். வீட்டுக்குள்ளிருந்து அவர் மகனும் எட்டிப் பார்த்தான். சாவி யாரிடம் இருக்கும் என்பது அந்த இடத்தில் முடிவாகிவிடும் என்று மூவருக்கும் தெரிந்திருந்தது. இருபது வருஷமாக ஐயத்தையே ஆடையாக உடுத்தித் திரிந்தவருக்கு, இங்கேயும் அதற்குள் ஒளிந்துகொள்ள நல்ல வசதி இருந்தது. ரப்பர் எப்படி வந்ததென்று தெரியலையே என்றால் யாரும் அதற்கு மேல் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவர் சட்டைப்பையிலிருந்து எட்டு மூலை ரப்பரை எடுத்து அண்ணன்காரர் கையில் வைத்தார். "இதை வெச்சு அடைச்சது நான்தான்" என்றார்.