பாணுக்குக் காவல் நின்ற கோடை

முதுகில் பையோடு ஊர் சுற்ற வருகிறவர்களுக்குக் கட்டில் கொடுக்கும் விடுதியில் வேலைக்குச் சேர்ந்தால், நமக்கு ஊர் சுற்றும் ஆசை முதல் வாரத்திலேயே விட்டுப்போகும். ஓர் அறைக்கு எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் எட்டு விதமான சப்பாத்து நாற்றம், காலையில் எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் குளிக்க வேண்டும். கடையிலோ கவுண்டரிலோ நாள் முழுக்க நின்று, வாய் வலிக்கச் சிரித்துச் சம்பளம் வாங்கியவர் யாராவது இதைப் படித்தால், காலை நீட்டி உட்காருங்கள். நீங்கள் என் ஆள்.

நான் மட்டக்களப்புக்காரி. தொண்ணூறுகளில் அண்ணன் குடும்பத்தோடு ஒஸ்லோவுக்கு வந்து, நகரத்தின் ஓரத்தில் அம்மருட்டில் அவர்கள் வீட்டிலேயே இருந்தேன். ஊரில் சண்டை ஓய்ந்திருந்த நேரம் பார்த்துப் போய்க் கலியாணம் செய்துகொண்டு, வீட்டுக்காரரை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினேன். அவரை ஒஸ்லோவுக்குக் கூப்பிடுவதானால் எனக்கு நிரந்தர வேலை இருக்க வேண்டும் என்றார்கள் குடிவரவு அலுவலகத்தில். என் கையில் இருந்ததோ கோடைகாலத்துக்கு மட்டும் கிடைத்த விடுதி வேலை. அந்தக் கோடையில்தான், இரண்டாயிரத்து ஆறில், ஊரில் மறுபடியும் ஷெல் சத்தம் கேட்கத் தொடங்கியது. "இஞ்ச ஒண்டுமில்ல, நீ பயப்படாத" என்று அவர் தொலைபேசியில் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பயம் கூடியது.

விடுதியின் மேலாளர் பெரித், ஐம்பது வயது தாண்டிய நோர்வேப் பெண்மணி. ஒரு வசனம் போதுமான இடத்தில் இரண்டாவதைப் பேசமாட்டார். முதல் நாளே எனக்கு இரண்டு கட்டளைகள் போட்டார். வரவேற்பு மேசையில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், தேவையில்லாத கதை கூடாது. காலைச் சாப்பாட்டு அறையில் எவ்வளவும் சாப்பிடலாம், ஆனால் பிரெட் என்று மற்றவர்கள் சொல்லும் பாணில் ஒரு துண்டுகூட வாசலைத் தாண்டக் கூடாது. "இந்த இரண்டையும் செய்துகாட்டு. கோடை முடியும்போது உன்னை நிரந்தரமாக்குவதைப் பற்றிப் பேசுவோம்" என்றார்.

இரண்டு இரவுக்கு வந்தவள்

ஜூலை மாதம். ஸ்பெயினிலிருந்து ஒரு பெண் வந்தாள். பையை இறக்கி வைக்கும் முன்பே, வடதுருவ ஒளி எந்த ஜன்னலில் தெரியும் என்று கேட்டாள். படங்களில் பச்சை பச்சையாக வானத்தில் ஆடுமே, அதைப் பார்க்கத்தான் இரண்டு இரவுக்குக் கட்டில் எடுத்திருந்தாள்.

அது குளிர்காலத்தில், அதுவும் தூர வடக்கில் தெரிவது என்றேன். இப்போது இங்கே படுக்கப் போகும் நேரத்திலும் வெளிச்சம் இருக்கும், வானம் கறுத்தால்தானே ஒளி தெரியும் என்றும் விளக்கினேன். அவள் அழப்போகிறாள் என்று நினைத்து மேசையில் இருந்த கைதுடைக்கும் கடதாசியை அவள் பக்கம் தள்ளினேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்:

"சரி, இருட்டையாவது எங்கே போனால் பார்க்கலாம்?"

ஒரே பக்கத்தில் ஒரு நாடு

அமெரிக்கத் தம்பதி. இருவரிடமும் ஐரோப்பா முழுக்க ரயிலில் போகும் சீட்டு இருந்தது. ஐரோப்பா முழுவதையும் ஒரே பக்கத்தில் அடக்கிய வரைபடமும் இருந்தது. காலையில் புறப்பட்டு நோர்வேயின் வடமுனையைப் பார்த்துவிட்டு, பின்னேரம் திரும்பி வந்து விடுதியிலேயே சாப்பிடுவது அவர்கள் திட்டம். மாலையில் வர ஐந்து பத்து நிமிடம் பிந்தினால் பரவாயில்லையா என்று மனைவி மரியாதையாகக் கேட்டார்.

வடமுனை வரைக்கும் ரயில் கிடையாது, போய் வரவே நாட்கணக்காகும் என்றேன். கணவர் நம்பவில்லை. வரைபடத்தில் விரலை வைத்து, "இவ்வளவுதானே?" என்றார். அவருடைய விரலை எடுத்து, ஒஸ்லோவில் ஊன்றி, அப்படியே தெற்குப் பக்கம் திருப்பிக் காட்டினேன். இந்தத் தூரத்தைக் கீழ்ப்பக்கம் போனால் நீங்கள் இத்தாலியை நெருங்கிவிடுவீர்கள் என்றேன். வாய்விட்டுப் பேசாத பெரித்தே பக்கத்தில் நின்று தலையாட்டினார். கணவர் விரலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்படியானால் இத்தாலி ரயில் எத்தனையாவது மேடையிலிருந்து?"

கோயம்புத்தூர்த் தம்பிகள்

ஜெர்மனியில் கணினி வேலை செய்யும் இரண்டு பையன்கள், நீண்ட வார இறுதிக்கு ஒஸ்லோ பார்க்க வந்தார்கள். பெயரைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வாங்க தம்பி, இரிங்க, பயணமெல்லாம் எப்பிடி?" என்றேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "அக்கா மலையாளிங்களா?" என்றான் உயரமானவன். மட்டக்களப்பு என்று சொன்னதும் உருகிப்போனார்கள். அறையில் சமைக்கக் கூடாது என்பதைத் தமிழிலேயே இரண்டு தரம் சொல்லி அனுப்பினேன். தலையை ஆட்டினார்கள் பாருங்கள், அப்படி ஒரு ஆட்டு.

ஒரு மணித்தியாலம் போகவில்லை, தீ அலாரம் அலறியது. விதியின்படி விடுதி முழுக்கத் தெருவில் நிற்க வேண்டும். துவாய் கட்டியவர்கள், தலையில் ஷாம்பூ நுரையோடு ஒருத்தி, ஒற்றைக்காலில் சப்பாத்துப் போட்டவர் என்று நாற்பது நாட்டுக்காரர்கள் நடைபாதையில். தீயணைப்பு வண்டி வந்து, முழு உடுப்போடு ஒருவர் படியேறிப் போனார். நம் தம்பிகள் மேல் அடுக்குக் கட்டிலில் மின்சார ரைஸ் குக்கரை வைத்ததையும், அதன் நீராவி நேராக அலாரத்தில் அடித்ததையும் அப்போதுதான் எனக்குச் சொன்னார்கள். பெரித் என்னைப் பார்த்த பார்வையில் என் நிரந்தர வேலை ஆவியாகிக்கொண்டிருந்தது. உயரமானவன் என் காதருகே குனிந்தான்.

"அக்கா, அந்த ஆபீசர் இறங்கி வந்தாருன்னா, சோறு வெந்துடுச்சுங்களான்னு மட்டும் நார்வே பாஷையில கேட்டுச் சொல்றீங்களா?"

முதல் கட்டளை

பேர்கனிலிருந்து ஒரு நோர்வேக்காரர், அறுபது வயது இருக்கும், மலையேறும் பையோடு தனியாக வந்தார். சாவியைக் கொடுக்கும்போது என் நாக்கு சும்மா இருக்கவில்லை. "தனியாவா வந்திருக்கிறீங்கள்? மனைவி வரவில்லையா?" என்று நோர்வே மொழியில் கேட்டுவிட்டேன். எங்கள் ஊரில் இது வணக்கம் சொல்வதோடு சேர்ந்தது. இந்த ஊரில் இதைக் கேட்பது முன்பின் தெரியாதவரின் சட்டைப் பையில் கையை விடுவதற்குச் சமம். கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

மனிதர் சாவியைத் திரும்ப மேசையில் வைத்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். மனைவி விட்டுப் போனது, மகள் பேசாமல் இருப்பது, போகும்போது மனைவி நாயையும் கொண்டுபோனது. அதிலும் நாய் போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவருக்குப் பின்னால் வரிசை வாசல் வரை நீண்டது. வரிசையில் நின்ற நோர்வேக்காரர்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு மேலே போனதும், பெரித் உள்ளறையிலிருந்து வெளியே வந்தார். திட்டு விழப்போகிறது என்று நின்றேன். அவர் முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது.

"இதையெல்லாம் நாங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் முப்பது வருடம் சொல்லாமல் இருப்போம். உன்னிடம் ஏன் சொன்னார்?"

இருமல்

இனி இரண்டாவது கட்டளைக்கு வருவோம். நோர்வேக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்குக் காலையிலேயே இரண்டு மூன்று துண்டு பாணை மெழுகுக் கடதாசியில் சுற்றி எடுத்துப் போவார்கள். அதற்கு மாட்பக்கே என்று பெயர். பள்ளிக்கூடப் பிள்ளை முதல் வங்கி மேலாளர் வரை இதுதான். விடுதியில் அதைக் கட்டிக்கொண்டு போவதென்றால் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். முதுகுப் பைக்காரர்களோ காலைச் சாப்பாட்டிலேயே மதியத்தையும் இரவையும் முடிக்க வந்தவர்கள். மழை அங்கிக்குள் அவித்த முட்டை போகும். தொப்பிக்குள் பாற்கட்டி போகும். ஒரு பிரெஞ்சுக்காரரின் சப்பாத்துக்குள்ளிருந்து வெள்ளரிக்காய் எட்டிப் பார்த்ததை நானே கண்டேன்.

பார்த்தும் எனக்குத் தடுக்க வரவில்லை. சாப்பாட்டில் வைத்த கையை எடு என்று சொல்ல எங்கள் வீட்டில் யாரும் பழக்கவில்லையே. கிட்டப் போய் மெல்ல இருமுவேன். அவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். முட்டை போய்விடும். பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து இதையெல்லாம் சிவநேசன் அண்ணை பார்த்துக்கொண்டிருப்பார். யாழ்ப்பாணத்துக்காரர், ஸ்டோவ்னரில் வீடு. விடுதி வேலையில் எனக்குச் சீனியர் என்பதை ஒருநாளும் மறக்கவிடமாட்டார். ஒருநாள் ஈரக் கையோடு வெளியே வந்தார்.

"தங்கச்சி, இருமி இருமி உனக்குத்தான் சளி பிடிக்கப்போகுது. அங்கை பார், கொண்டுபோறவன் உனக்கு இருமல் மருந்தெல்லோ எடுத்து நீட்டுறான்!"

உன்னி

ஆகஸ்ட் கடைசி. வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாகப் பெரித் கூறியிருந்தார். அதற்கு இரண்டு நாள் முன்புதான் வீட்டுக்காரர் தொலைபேசியில், பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள் என்றார். அவர் கணக்கு வாத்தியார். குரலில் சிரிப்பு இல்லை. இனி இருமல் கிடையாது, யார் எடுத்தாலும் தடுப்பேன் என்று அன்றே முடிவுகட்டினேன்.

மறுநாள் காலையில் சாப்பாட்டு அறைக்குப் போனால், நடு மேசையில் உன்னி என்ற நோர்வேப் பாட்டி. தூர வடக்கே ஹம்மர்பெஸ்ட்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கையில் முதல் முறையாகத் தலைநகரத்தைச் சுற்றிப் பார்க்க, தன்னைவிடப் பழைய பையொன்றை முதுகில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. மெழுகுக் கடதாசியை விரித்து, பாணை அடுக்கி, வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். வாசலில் பெரித், கையில் கோப்பிக் கோப்பையோடு நின்றார். நான் நேரே போய், "மன்னிக்க வேண்டும், வெளியே கொண்டுபோகக் கூடாது" என்றேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது. அறை முழுக்கத் திரும்பியது.

உன்னி கத்தியைக் கீழே வைத்தார். "நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது யுத்தத்தில் ஜெர்மன் பட்டாளம் எங்கள் வீட்டுக்கு நெருப்பு வைத்து எங்களைப் படகில் ஏற்றியது. அப்போதும் அம்மா பாண் கட்டினாள். துவக்கோடு நின்றவன்கூட அதைத் தடுக்கவில்லை" என்றார், கோபமே இல்லாமல். அடுத்த மேசையில் இருந்த இரண்டு ஜெர்மன் பையன்கள் கையிலிருந்த முட்டைகளை மெல்லக் கீழே வைத்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டை விட்டு ஓடும்போது கையில் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு ஓடியவர்கள்தானே நாங்களும். வாசலில் பெரித் நிற்பது தெரிந்தும், ஒரு துண்டு பாணை எடுத்து, உன்னியின் கடதாசியில் நானே அடுக்கினேன். வேலை போனது என்று எனக்கு நிச்சயம். உன்னி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, வெண்ணெயைக் கரை வரைக்கும் பூசு."

வெள்ளிக்கிழமை

பெரித் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார். "காவலுக்கு நீ சரிவரமாட்டாய்" என்றார். வீட்டுக்காரருக்கு இதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். பெரித் வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது வசனமும் பேசினார். உன்னி போன்ற ஒருவரைத் தடுக்க ஆள் வைத்ததற்குத் தனக்கு வெட்கமாக இருந்ததாம். இனிமேல் மாட்பக்கே கட்டில் வாடகையிலேயே சேர்ந்துவிடும். மூலையில் தனி மேசை, கடதாசி, பாண், பாற்கட்டி எல்லாம் இருக்கும், வருகிறவர்கள் கட்டிக்கொண்டு போகலாம். பக்கத்தில் நின்று கொடுக்க ஓர் ஆள் வேண்டும், வருடம் முழுக்க. அந்த ஆள் நான்.

நாற்காலியிலேயே இருந்து ஓவென்று அழுதேன். பெரித்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், ஜன்னலைத் திறந்தார், கடைசியில் தன் கோப்பிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

"நோர்வேயில் வேலை கிடைத்தால் அழுவதில்லை. கோப்பி குடிப்போம்."

கடவுச்சீட்டைக் கையிலும் பையை முதுகிலும் வைத்துக்கொண்டு பாதி உலகம் நினைத்த நேரத்துக்கு வந்து, இரண்டு நாள் படுத்தெழும்பி, குறையும் சொல்லிவிட்டுப் போன இந்த நகரத்துக்குள் என் வீட்டுக்காரர் என்ற ஒரே ஒருவரைக் கொண்டுவந்து சேர்க்க, எனக்கு நிரந்தர வேலை கிடைத்த பிறகும் இன்னும் இரண்டு கோடை பிடித்தது.